முடிவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் – ஒரு வரலாற்று நோக்கு

அந்தாதி பாடும் புலவர் ஒவ்வொருவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, ஆங்கிலச் சொல்லொன்றின் தொலைதூர உறவைத் தொட்டுச் செல்கின்றனர். 'அந்தம்' என்னும் வடசொல்லும் 'எண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது ஒப்பியல் மொழிநூலார் கொள்கை. இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் மிகப் பழைய அவ்வேருக்கு 'முன்புறம்', 'நெற்றி' என்பனவே பொருள். எதிரே தெரியும் பக்கம் என்பதிலிருந்து எல்லை என்ற பொருளும், எல்லையிலிருந்து இறுதி என்ற பொருளும் கிளைத்தன. முகத்தைக் குறித்த வேர், காலப்போக்கில் முடிவைக் குறிக்கலாயிற்று. ஒரு பாட்டின் அந்தத்தை அடுத்த பாட்டின் ஆதியாக்கிப் பழகிய தமிழ்க் கவிஞருக்கு இச்செய்தி வியப்பைக் காட்டிலும் மகிழ்ச்சியையே தரும்.

இவ்வியல்பு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலம் பேசுவோர் நாள்தோறும் வழங்கும் முடிவுச் சொற்களுள் பல, பிறக்கும்போது முடிவைக் குறித்துப் பிறந்தவை அல்ல. எல்லைக்கல், ஓட்டையை அடைத்தல், தீயை மூடுதல், தீர்ப்பு, வாழ்த்து, மரவேலி என வெவ்வேறு பொருள்களைக் குறித்து நின்றவை அவை. அவற்றின்மேல் முடிவு என்னும் பொருளை ஏற்றியது வரலாறு. யார், யாருடைய, எதனை முடித்து வைத்தார்கள் என்னும் செய்தி அச்சொற்களுக்குள் உறைந்து கிடக்கிறது. அன்றாட வழக்கோ அதனை மறந்துவிடுகிறது. அந்த மறதி எவ்வாறு நேர்ந்தது என்பது, சொல்லைக் கருவியாகக் கொண்ட கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றாகும்.

எண்டும் ஃபினிஷும்

தொன்மை ஆங்கிலத்தில் 'எண்ட்' என்பது இடத்தின் எல்லையைக் குறிக்கும் சொல்லாகப் பெரிதும் வழங்கிற்று. அதன் தடம் இன்றும் அழியவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலை நோக்கி நிற்கும் நிலமுனைக்கு 'லேண்ட்ஸ் எண்ட்' என்று பெயர். இலண்டன் மாநகரின் உழைப்பாளர் பகுதி 'ஈஸ்ட் எண்ட்' எனவும், நாடக அரங்குகள் மிகுந்த பகுதி 'வெஸ்ட் எண்ட்' எனவும் வழங்கப்படுகின்றன. இலார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் ஒரு முனை 'பெவிலியன் எண்ட்', மறுமுனை 'நர்சரி எண்ட்'. ஓர் ஓவர் முடிந்ததும் அடுத்த ஓவர் எதிர்முனையிலிருந்து தொடங்குகிறது. 'எதிர்ப்பக்கம்' என்ற பழம்பொருளை, தம்மை அறியாமலேயே, ஆட்டக்காரர்கள் காப்பாற்றி வருகின்றனர்.

'எண்ட்' என்பதற்கு நோக்கம் என்ற பொருளும் உண்டு. வழியையும் இலக்கையும் ஒருங்கே பேசும்போது இலக்கை ஆங்கிலேயர் 'எண்ட்' என்பர். வரவு செலவின் இருமுனைகளையும் எட்டிப் பிடித்து இணைக்கும் ஏழைக் குடும்பத்தின் பாட்டைச் சொல்வதற்கும் அச்சொல்லே உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளர்க்குச் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு கிட்டியது. அந்நூற்றாண்டின் இறுதியில் 'வீக்எண்ட்' என்னும் சொல் பரவலாக வழங்கத் தொடங்கியது. வாரத்தின் முடிவு எனப் பெயர் பெற்ற அந்நேரமே, தொழிலாளி தனக்கென வாழத் தொடங்கிய நேரமாகவும் இருந்தது.

'ஃபினிஷ்' வேறு குலத்தது. 1066ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் நார்மண்டியின் வில்லியம் வெற்றி பெற்றபின், அரண்மனையும் வழக்குமன்றமும் பிரெஞ்சு மொழி பேசலாயின. எல்லை எனப் பொருள்படும் 'ஃபீனிஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த பிரெஞ்சு வினையே ஆங்கிலத்தில் 'ஃபினிஷ்' ஆயிற்று. வழக்கைத் தீர்த்துக்கொள்ளச் செலுத்திய தொகை 'ஃபைன்' எனப்பட்டது. இன்று அது அபராதம். கடனைத் தீர்த்து முடித்தல் என்ற பொருளில் நின்ற 'ஃபைனான்ஸ்' இன்று கடன் கொடுக்கும் தொழிலையும் குறிக்கிறது. கடனின் முடிவைச் சொன்ன சொல், கடனின் தொடக்கத்திற்கும் பெயரானதை வரலாற்றின் நகை எனலாம்.

இவ்விரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அன்றாடப் பேச்சு நுட்பமாகவே காத்து வருகிறது. தெரு ஒன்று ஓரிடத்தில் 'எண்ட்' ஆகும். அங்கே அது 'ஃபினிஷ்' ஆவதில்லை. போர் 'எண்ட்' ஆகும். தச்சர் தம் வேலையை 'ஃபினிஷ்' செய்வார். மரத்திற்கு அவர் இடும் மெருகுக்கும் அதுவே பெயர். முன்னது நின்றுபோதல், பின்னது நிறைவு செய்தல். தமிழில் 'ஓய்ந்தது' என்பதற்கும் 'முற்றியது' என்பதற்கும் உள்ள தொலைவு இது.

இறப்பும் தீர்ப்பும்

உயிரின் முடிவைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு இன்னும் ஆழமானது. 'டை' என்னும் வினை ஆங்கிலத்தின் வழிவழிச் சொல் அன்று என்றும், வடகடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியர் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்றும் அறிஞர் கருதுவர். 793ஆம் ஆண்டில் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் துறவிமடத்தைத் தாக்கிய வைக்கிங்குகளின் வழிவந்தோர், அடுத்த இரு நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஊன்றிக் குடியேறினர். அவர்தம் பேச்சும் மண்ணில் கலந்தது.

அதற்குமுன் இறத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் பெருவழக்காக இருந்தன. ஒன்று 'ஸ்டார்வ்' என்பதன் முன்வடிவம். எவ்வகைச் சாவையும் அது குறித்தது. அதன் உடன்பிறப்பான ஜெர்மானியச் சொல் இன்றும் இறத்தல் என்றே பொருள்படும். புதிய சொல் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டபின், பழைய சொல் படிப்படியாகச் சுருங்கிப் பசியால் வாடுதல் என்னும் அளவில் ஒதுங்கியது. சிற்றுண்டிக்குச் சற்றே காலந்தாழ்ந்தாலும் 'ஸ்டார்விங்' என்று கூறும் இளைஞர் வாயில், முன்னோர் சாவுக்கு வைத்த பெயர் விளையாட்டாக உருள்கிறது. மற்றொரு வினை மேலும் சுருங்கியது. வெயிலில் புழுங்கித் தவிப்பதைச் சொல்லும் 'ஸ்வெல்டர்' என்ற சொல்லில் மட்டுமே அதன் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாவைக் குறித்த சொற்களுக்கும் சாவு உண்டு என்பதற்கு இவை சான்றுகளாம்.

'டூம்' என்ற சொல்லின் கதை இதற்கு மறுதலை. இன்று அது அழிவை, தப்பவியலாத கேட்டைச் சுட்டுகிறது. தொன்மை ஆங்கிலத்தில் அதற்குச் சட்டம், தீர்ப்பு என்பனவே பொருள். உலக முடிவில் இறைவன் வழங்கும் இறுதித் தீர்ப்பு என்னும் சமயக் கருத்தே அச்சொல்லுக்கு அச்சத்தை ஏற்றியது. வெற்றி கொண்ட வில்லியம் 1086ஆம் ஆண்டில் நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுக்கச் செய்தான். அப்பதிவின்மேல் மறுமுறையீடு இல்லை என்பதால் மக்கள் அதனை 'டூம்ஸ்டே' ஏடு என அழைத்தனர். அரசனின் வரிக்கணக்கும் ஆண்டவனின் தீர்ப்பும் எளியோர் நெஞ்சில் ஒரே நிறையில் நின்றன போலும். ஆயினும் அதே சொல், விகுதியாகத் தேய்ந்து, விடுதலையைக் குறிக்கும் 'ஃப்ரீடம்' என்பதிலும், அறிவைக் குறிக்கும் 'விஸ்டம்' என்பதிலும் இன்றும் வாழ்கிறது.

மூடலும் அடைப்பும்

'கர்ஃப்யூ' என்பது பிரெஞ்சுத் தொடரின் திரிபு. 'தீயை மூடு' என்பது அதன் நேர்ப்பொருள். இடைக்கால ஊர்களில் மாலையில் மணி ஒலித்ததும் அடுப்புத் தீயைச் சாம்பலிட்டு மூட வேண்டும். மரவீடுகளும் வைக்கோற்கூரைகளும் நெருங்கிய ஊரில் தீவிபத்தைத் தடுக்கும் முன்னேற்பாடு அது. நாளடைவில் மணியோசை நின்றது, அடுப்பும் மறைந்தது, மக்களை வீட்டுக்குள் அடக்கும் ஆணை மட்டும் எஞ்சியது. தமிழில் அது 'ஊரடங்கு' ஆயிற்று. ஊர் தானே அடங்குவது இயற்கை. ஊரை அடக்குவது ஆணை. இவ்வேறுபாட்டைத் தமிழ்ச்சொல்லும் மெல்ல மறைத்தே வைத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் இந்தியா முழுவதும் 'மக்கள் ஊரடங்கு' கடைப்பிடிக்கப்பட்டபோது, நோயச்சத்தால் தெருக்கள் வெறிச்சோடின. தீக்கு அஞ்சிப் பிறந்த சொல், பல நூற்றாண்டுகள் கடந்து நோய்த்தொற்றுக்கும் பயன்பட்டது.

'ஸ்டாப்' என்பதும் அடைப்பில் பிறந்ததே. முரட்டு நாரைத் திணித்து ஓட்டையை அடைத்தல் என்பது அதன் பழம்பொருள். கசிவு நின்றதால் நிறுத்தல் என்ற பொருள் வந்தது. வாக்கியத்தின் இறுதியில் இடும் புள்ளி 'ஃபுல்ஸ்டாப்' ஆனது. தமிழ் ஓலைச்சுவடிகள் இத்தகைய நிறுத்தக்குறிகளை அறியா. தொடரின் முடிவை வினைமுற்றே உணர்த்தியது. அச்சுக்கலையோடு ஐரோப்பியர் வழியாக வந்த அப்புள்ளி இன்று முற்றுப்புள்ளி என்னும் பெயருடன் தமிழ்ப் பேச்சிலும் ஏறி, எதற்கும் 'முற்றுப்புள்ளி வைப்பது' என்னும் வழக்கைத் தந்துள்ளது.

தந்தியில் அச்சொல் புதிய வாழ்வு பெற்றது. சிறு புள்ளி விடுபட்டாலோ தவறாகப் படிக்கப்பட்டாலோ செய்தியின் பொருளே மாறிவிடும். ஆகவே புள்ளிக்கு மாற்றாக 'ஸ்டாப்' என்ற சொல்லையே எழுதும் முறை எழுந்தது. முதல் உலகப் போர்க்காலத்து அரசுத் தந்திகளில் அது பெருகியது. போர்முனையில் மாண்ட மகனைப் பற்றி வீட்டுக்கு வந்த செய்தியும் தந்தியாகவே வந்தது. நம் ஊர்களிலும் தந்திக்காரர் மிதிவண்டி வாயிலில் நின்றால், உறையைப் பிரிக்குமுன்பே பெண்கள் அழத் தொடங்கிய காலம் இருந்தது. இந்தியாவில் தந்திப்பணி 2013ஆம் ஆண்டு ஜூலையில் முடிவுற்றது.

எல்லைத் தெய்வமும் விடைபெறலும்

'டெர்மினஸ்' உரோமானியரின் எல்லைத் தெய்வம். வயலுக்கும் வயலுக்கும் நடுவே நட்ட கல்லே அதன் வடிவம். ஆண்டுதோறும் பிப்ரவரி 23ஆம் நாள், பக்கத்து நிலக்காரர்கள் இருவரும் ஒன்றுகூடி அக்கல்லுக்கு மாலை சூட்டிப் படையலிட்டனர். இருவர் நிலமும் முடிந்த இடம், இருவரும் சந்திக்கும் இடமாகவும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தபோது, பாதை முடியும் நிலையத்திற்கு அத்தெய்வத்தின் பெயர் சூட்டப்பட்டது. சென்னையின் பேருந்து நிலையங்களிலும் அப்பெயர் புழங்கக் காணலாம்.

அத்தெய்வத்தின் பெயரோடு உறவுடைய 'டெர்மினேட்' என்ற வினை இன்று அலுவலகக் கடிதங்களில் உறைகிறது. ஒருவரின் வேலை பறிக்கப்பட்டது என்பதற்கு அவருடைய பணி 'டெர்மினேட்' ஆயிற்று என எழுதுவர். எழுவாய் இல்லாத செயப்பாட்டு வினை அது. பறித்தவர் யார் என்பது வாக்கியத்தில் இராது. இன்னும் மென்மையாகச் சொல்ல விரும்பினால் 'விட்டுவிட்டோம்' என்ற பொருளில் பேசுவர், தொழிலாளி தானே போக விரும்பியவர் போலவும், நிறுவனம் கைப்பிடியைத் தளர்த்தியது போலவும். இங்கிலாந்தில் வழங்கும் 'ரிடன்டன்ட்' என்ற சொல்லுக்கோ, இலத்தீனில், கரை ததும்பி வழிதல் என்பது பொருள். குடும்பத்தைச் சுமக்கும் மனிதர் ஒருவர், நிரம்பிய குடத்தில் வழிந்த நீராகக் கணக்கிடப்படுகிறார்.

முடிவுச் சொற்கள் யாவும் இவ்வாறு கடுமையுற்றன என்று கூறுதலும் பொருந்தாது. 'குட்பை' என்பது கடவுள் உம்மோடு இருப்பாராக என்ற முழு வாழ்த்தின் சுருக்கம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சுருங்கிய வடிவில் எழுத்தில் காணப்படுகிறது. 'குட் மார்னிங்' முதலிய வணக்கச் சொற்களின் சாயல் படிந்து, கடவுளைக் குறித்த பகுதி 'நல்ல' என்பதாக மாறியது. 'ஃபேர்வெல்' என்பதற்கு நலமாகப் பயணம் செய்க என்று பொருள். பிரெஞ்சிலிருந்து வந்த 'அடியூ' கடவுளிடம் ஒப்படைப்பது. பிரிவைச் சொல்ல வந்த மூன்றும் பிரிவைச் சொல்லாமல், வழித்துணையைச் சொல்கின்றன. பிரிவோரின் அன்பு ஏற்றிய பொருள் இது. இதனையும் வழக்கு மறந்ததாயினும், இம்மறதியால் எவருக்கும் தீங்கில்லை.

ஒரு மரவேலியின் கதை

தீங்குடைய மறதிக்குச் சான்று 'டெட்லைன்' என்னும் சொல். கட்டுரை தரவேண்டிய நாள், வரி கட்டவேண்டிய நாள், விண்ணப்பம் அனுப்பவேண்டிய நாள் என எதற்கும் இன்று அது வழங்குகிறது. தமிழ்ப் பேச்சிலும் அது தடையின்றி நுழைந்துவிட்டது. சாவுக்கோடு என்ற அதன் நேர்ப்பொருளை எவரும் எண்ணுவதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்னும் சிற்றூரில் தென்மாநிலக் கூட்டணியினர் போர்க்கைதிகள் முகாம் ஒன்றை அமைத்தனர். உயர்ந்த மரச்சுவருக்கு உட்புறம் ஏறத்தாழ 19 அடி தொலைவில் தாழ்ந்த வேலி ஒன்று நடப்பட்டது. அதுவே 'டெட்லைன்'. அதனைத் தாண்டியவனை, தொட்டவனைக்கூட, காவற்கூண்டிலிருந்த வீரன் எச்சரிக்கையின்றிச் சுடலாம். கூரையில்லாத திறந்தவெளி, மாசடைந்த ஓடைநீர், போதாத உணவு. முகாம் செயற்பட்ட ஏறத்தாழ 14 மாதங்களில் 45,000 கைதிகள் வரை அங்கே அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். துப்பாக்கிக்கு இரையானோரைவிடப் பசிக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் இரையானோரே மிகப் பலர். 'ஸ்டார்வ்' என்ற சொல் அங்கே தன் பழம்பொருளை மீண்டும் பெற்றது. முகாமின் தலைவர் ஹென்றி விர்ஸ் 1865ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார்.

அம்முகாமில் டோரன்ஸ் அட்வாட்டர் என்னும் இளைஞர் கைதியாக இருந்தார். மருத்துவப் பகுதியில் இறந்தோர் பட்டியலை எழுதும் பணி அவருக்கு இடப்பட்டது. அப்பட்டியல் வெளியுலகைச் சேராமற் போகலாம் என அஞ்சிய அவர், மற்றொரு படியை மறைவாக எழுதி, விடுதலையானபோது உடன் கொண்டுவந்தார். 1865ஆம் ஆண்டுக் கோடையில், போர்க்களச் செவிலியாகப் புகழ்பெற்ற கிளாரா பார்ட்டனும் அவரும் ஆண்டர்சன்வில்லுக்குச் சென்ற குழுவில் இடம்பெற்றனர். அப்பட்டியலின் துணையால் கல்லறைகளுக்குப் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஏறத்தாழ 13,000 கல்லறைகளுள் 460 அளவிலானவையே பெயரறியாதவர் கல்லறைகளாக எஞ்சின. அப்பட்டியலைத் திருப்பித் தர மறுத்ததற்காக அட்வாட்டர் தம் நாட்டுப் படைநீதிமன்றத்தால் சிறையிடப்பட்டார் என்பது வருந்தத்தக்கது. 1866ஆம் ஆண்டில் பட்டியல் அச்சாகி மக்கள் கையை அடைந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில், அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில், அச்சுக்குச் செய்தி தரவேண்டிய கடைசி நேரம் 'டெட்லைன்' எனப்பட்டது. அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. வேலியைக் குறித்த சொல் நேரத்தைக் குறித்தது. உயிரைப் பறித்த எல்லை, வேலையை விரைவுபடுத்தும் எல்லையாயிற்று. சொற்பொருள் மாறுவது மொழியின் இயற்கை. அதனைக் குற்றம் கூறுதல் மொழிநூலாகாது. ஆயினும், சொல்லிலிருந்து இறந்தோர் நழுவிவிடும்போது, அவர்களைப் பெயர்சொல்லி அழைக்க ஒருவர் பட்டியலோடு நின்றார் என்பதையும் மறத்தல் தகாது. அட்வாட்டர் கவிஞர் அல்லர். எனினும் கவிஞர்க்குரிய கடமை ஒன்றை அவர் செய்தார். முடிந்தது என்று பொதுவில் சொல்லி மூடப்பட்டதைத் திறந்து, யார் முடிந்தார் என்பதைப் பெயர்பெயராக எழுதினார்.

முடியாத அகராதி

இச்சொற்களின் வரலாறெல்லாம் உலகம் அறியக் காரணமான ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் கதையும் முடிவைப் பற்றிய பாடமே. 1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழிநூற் கழகத்தில் எழுந்த எண்ணம் அது. 1879ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மர்ரே பதிப்பாசிரியராக ஒப்பந்தம் செய்யப்பட்டார். பத்தாண்டுகளில் பணி முடியும் எனக் கணக்கிட்டனர். 1884ஆம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்தபோது, எறும்பைக் குறிக்கும் 'ஆண்ட்' என்ற சொல்லை எட்டியிருந்தனர். முதல் எழுத்தே முடியவில்லை. மர்ரே 1915ஆம் ஆண்டில் மறைந்தார். இறுதிப் பகுதி 1928ஆம் ஆண்டில் வெளிவந்தது. விடுபட்டனவும் புதியனவுமான சொற்களுக்காக 1933ஆம் ஆண்டிலேயே துணைத்தொகுதி ஒன்று தேவைப்பட்டது. அப்பணி இன்றும் நடைபெறுகிறது. மர்ரே தம் பணியை 'ஃபினிஷ்' செய்யவில்லை. ஆயினும் அப்பணி அவரோடு 'எண்ட்' ஆகவும் இல்லை.

பத்தாண்டு என்பது அகராதிக்குப் போதவில்லை. இலக்கிய வட்டத்திற்கும் போதாது. பத்தாண்டைக் கடந்து நிற்கும் வட்டத்தைத் தமிழ் 'ஆண்டு நிறைவு' என்ற தொடரால் வாழ்த்துகிறது. முடிவு என்னும் சொல்லை அவ்விடத்தில் தமிழர் வழங்குவதில்லை. கூடிப் பாடிய கவிஞர்களுள் சிலர் அடுத்த கூட்டத்தில் இல்லாது போகலாம். அவர்களைக் 'காலமானார்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், பெயர் சொல்லி, பாடிய பாட்டின் ஈற்றடியைச் சொல்லி, அங்கிருந்து அடுத்த பாட்டைத் தொடங்குவது பின்வருவோர் கடமையாகும். அந்தாதி மரபு நெடுங்காலமாகத் தமிழ்க் கவிஞர்களுக்குக் கற்பித்துவருவதும் அதுவேயாம்.